நிலைக்குள் ஒரு நாற்காலி

நாற்காலியை எங்கே போடுவது என்பதே காலையில் பெரிய யோசனையாகிவிட்டது வயிரவனுக்கு. கூடத்தில் போட்டால் தெருவில் நடப்பது தெரியாது, தெருவில் போட்டால் எவன் உள்ளே நுழைகிறான் என்று பார்க்க முதுகுக்குக் கண்ணா இருக்கிறது, அதனால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரியாக நிலைக்குள், இரட்டைக் கதவு சேர்ந்து நிற்கவேண்டிய இடத்தில் செருகிப் போட்டு உட்கார்ந்தார். கதவு இருந்த இடத்தில் இப்போது அவர் இருந்தார். காரைக்குடியில் இடிக்கிற வீடுகளின் கதவு, தூண், ஜன்னல் என்று வாங்கி விற்கிறவர்களில் வயிரவன் என்று கேட்டால், அந்தக் கோபக்காரரா என்று ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் வழி சொல்வார்கள், அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கே இன்றைக்குக் கதவில்லை. முந்தாநாள் கழற்றி விற்றாயிற்று. விற்ற பணம் மனைவி சௌந்தரத்தின் பைக்குள், மடித்த பழைய புடவைக்கு அடியில், பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் கோர்ட் மூடுவதற்குள் அதைக் கட்டிவிட்டால் வீடு நிற்கும், கட்டாவிட்டால் நாளைக்கு வீடு ஏலம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் மனசு இவ்வளவுதான் என்று விட்டால்தானே, அது பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடி, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற சௌந்தரத்தின் மடியை எட்டிப் பார்த்து, பையின் காது அறுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. நானும் வர்றேன் என்று அவர் சட்டையை எடுத்தபோது அவள், "நீங்க வந்தா அங்கயும் விலை பேசுவீங்க. கதவில்லாத வீட்டுக்கு ஆள் வேணும், உக்காருங்க" என்றாள். வேறு எவனாவது இதைச் சொல்லியிருந்தால் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் உட்கார்ந்தார்.

காற்று வந்தது. கதவு இருந்தவரைக்கும் இந்தக் கூடத்துக்குள் இப்படிக் காற்று வந்ததில்லை, தெருவின் தூசியும் எவன் வீட்டிலோ கருவாடு வறுபடும் வாசனையும் கேட்பாரில்லாமல் உள்ளே வந்து, சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டிவிட்டு, கொல்லைப்பக்கமாகப் போயின. நிலையில் கீல் இருந்த இடங்கள் வெளிறிப்போய், பிளாஸ்திரி பிய்த்த தோல் மாதிரி இருந்தன. விரலால் தடவினார். தேக்கு. பழைய எண்ணெய் ஏறிய தேக்கு. இந்த நிலையை மட்டும் பெயர்த்துக் கொடுத்தால் இன்றைய நிலவரத்துக்கு என்ன போகும் என்று புத்தி தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது, சீ, நிறுத்து என்றார், வாய்விட்டே சொல்லிவிட்டார் போல, தெருவில் போன நாய் நின்று பார்த்தது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அண்ணாந்து உத்தரத்தைப் பார்க்கிற கண் இது, துக்கம் கேட்கப் போன இடத்தில்கூடப் பிணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தூணைப் பார்க்கும், அதற்காகச் சௌந்தரம் எத்தனை தடவை முழங்கையால் இடித்திருக்கிறாள். மற்றவர்கள் வீடு இடிபடும்போது தூசிக்குள் நின்று காசு பார்த்தவன்டா நீ, உன் வீட்டை வேறொருத்தன் அண்ணாந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாளாவது நினைத்தாயா. நினைக்கவில்லை. ஏன் நினைக்கவேண்டும், கடன் வாங்கியபோது வீட்டை எவனும் கேட்கவில்லையே. ஓட்டல் கட்டுகிற ஒருத்தன் வந்து தூண் வேண்டும், எவ்வளவு கிடைத்தாலும் வேண்டும் என்றான், அவன் வாயை நம்பி ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கித் தூண் தூணாக வாங்கிக் குவித்தார், ஓட்டல்காரன் போனை எடுக்காமல் போனான், தூண்கள் இன்னும் கொட்டகையில் படுத்துக் கிடக்கின்றன. "ஈடு எதுவும் வேணாம் சார், கையெழுத்து போதும்" என்றார்கள் கம்பெனியில். அந்த வட்டியிலும் கால் சதவீதம் குறைக்கவைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார், அந்தச் சந்தோஷத்தில் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஈடு கொடுக்காத கடனுக்கு எவன் வீட்டைத் தொடுவான், பத்திரம் என் பீரோவில் இருக்கிறது, பீரோச் சாவி என் அரைஞாணில் இருக்கிறது. அரைஞாணைத் தொட்டுப் பார்த்தார். சாவி இப்போதும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

அல்வா. அந்த அல்வாவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இல்லை, அதற்கு அடுத்தது. அடுத்ததைத்தான் மனசு நேரே பார்க்கமாட்டேன் என்று அல்வாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தவணை நின்றதும் கம்பெனி வழக்குப் போட்டது, கோர்ட்டிலிருந்து காகிதம் கொண்டுவருகிற அமீனா, பரமானந்தம் என்று பெயர், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றார். வயிரவனுக்குத் தெரிந்த ஒரே பள்ளிக்கூடம் சுமைதூக்கப் போன இடிப்பு வீடுகள்தான், அங்கே வயிற்றுப் பசியோடு கற்ற பாடம் ஒன்றே ஒன்று, முதல் விலைக்குப் பதில் சொல்லாதே. காதில் விழாதவன் மாதிரித் திரும்பி நட. அவனுக்கு வேண்டுமென்றால் கூப்பிடுவான், கூப்பிடும்போது விலை இறங்கியிருக்கும். இந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் சுமைகூலி கடைக்காரனானது, கடைக்காரன் வீட்டுக்காரனானது. ஆகவே கோர்ட் காகிதத்தைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "வாங்க மாட்டேன், போய்ச் சொல்லு" என்று திரும்பிக்கொண்டார். "அண்ணே, தேதிக்கு ஒரு எட்டுப் போய் நின்னுருங்க. அது போதும்" என்றார் பரமானந்தம். "நீ யாருய்யா எனக்குச் சொல்ல? காகிதம் தூக்குறவன் காகிதத்தை மட்டும் தூக்கு." அந்த மனிதர் காகிதத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார், வயிரவன் உள்ளே வந்து சௌந்தரத்திடம், "பாத்துக்கிட்டே இரு, அடுத்த தடவை பாதியாக் குறைச்சுக்கிட்டு வருவான்" என்றார். மறுபடியும் வந்தது, மறுபடியும் திரும்பிக்கொண்டார். கோர்ட் அவரைக் கூப்பிடவில்லை. வராதவன் வராதவன்தான் என்று எழுதிக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிறகு போய் உட்கார்ந்த இடத்தில் ஒரு வக்கீலம்மா, சின்ன வயசு, மேஜைமேல் மகளின் பென்சில் டப்பா கிடந்தது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஈடு இல்லேன்னா அவங்களா நேரா வந்து வீட்டைத் தொட முடியாது, நீங்க நெனச்சது அதுவரைக்கும் சரிதான் ஐயா. ஆனா கோர்ட்ல தீர்ப்பு வாங்கிட்டாங்கன்னா, உங்க பேர்ல இருக்கிற சொத்தைக் காட்டி ஜப்தி கேக்கலாம். பத்திரம் உங்க பீரோல இருந்தா என்ன, கோயில் உண்டியல்ல இருந்தா என்ன? மொதல் நாளே போய் நின்னு, என்னால மொத்தமாக் கட்ட முடியாது, தவணை குடுங்கன்னு கேட்டிருந்தா கதை வேற." அவர் கத்தினார், என்னென்னவோ கத்தினார், அவள் மகளின் பென்சிலை எடுத்துச் சீவிக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, "கத்தி முடிச்சாச்சா? இப்ப என்ன செய்யலாம்னு பாப்பமா?" என்றாள். பீஸ் என்று நீட்டியதில் பாதியைத் திருப்பித் தந்தாள். அவர் கேட்காமல் ஒருத்தர் குறைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, பென்சில் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது நினைத்தாலும் கண் கரிக்கிறது. தூசிதான். கதவில்லாத வீட்டில் தூசி வராமல் என்ன செய்யும்.

டம். நிமிர்ந்தார். ஒன்றுமில்லை, எவனோ லாரியிலிருந்து டிரம்மை இறக்குகிறான். அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. வீட்டை ஜப்தி செய்தால் தெருவுக்குத் தெரியும்படி தமுக்கடித்துச் சொல்லவேண்டுமாம், அது சட்டமாம், பரமானந்தம் தமுக்குக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பள்ளிக்கூடம் விட்டு, வேலை விட்டு, ஊரே வீடு திரும்பியிருந்த பொழுது. டம் டம் என்று முதல் அடி விழுந்ததும் எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. பக்கத்து வீட்டில் கதவை இழுத்து அடைத்தார்கள். அதற்கும் அடுத்த வீட்டில் டிவியை அணைத்துவிட்டு, யாரோ பிள்ளையை அதட்டி உள்ளே இழுக்கிற குரல், பிறகு அந்த ஜன்னலும் சாத்திக்கொண்டது. தெரு முழுக்க ஒரு ஆளில்லை. வீட்டின் நான்கெல்லையைப் பரமானந்தம் வாசித்தது வெறும் சுவருக்குத்தான் கேட்டது. வயிரவன் இந்த வாசலிலேதான் நின்றார், இதே இடத்தில், காது கொதிக்க, பார்த்தாயா, ஒரு பய எட்டிப் பார்க்கவில்லை, செத்தால்கூட வரமாட்டார்கள், அவ்வளவு இளக்காரம், எவன் எவனோடெல்லாம் சண்டை போட்டேனோ அவனெல்லாம் உள்ளே உட்கார்ந்து சிரிக்கிறான் என்று பல்லைக் கடித்தார். உள்ளே வந்து அதைத்தான் சௌந்தரத்திடம் கத்தினார். அவள் அடுப்பைப் பார்த்தபடி, "வேடிக்கை பாக்கக் கூடாதுன்னு சாத்திக்கிட்டாங்க. அதுகூடவா தெரியல உங்களுக்கு?" என்றாள். அவருக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. மறுநாள் காலையில் எதிர்வீட்டு சேசுராஜ், மோட்டார் மெக்கானிக், சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் ஓடுவது என்ற சண்டைக்கப்புறம் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தையில்லை, வாசலில் வந்து நின்றுகொண்டு, "அண்ணே, ஏணி இருக்கா, ஒரு ஓடு மாத்தணும்" என்றான். அவன் வீட்டுச் சுவரில் அவன் ஏணி சாய்ந்து நிற்பது அவன் தோளுக்கு மேலாகத் தெரிகிறது. வயிரவனுக்கு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அது என்னடா குருட்டுப் பயலே என்று. சேசுராஜும் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்கிற இடத்தில் நீ இல்லை, கொடுக்கிற இடத்திலேயேதான் இருக்கிறாய் என்று சொல்ல வந்தவனை என்ன சொல்லித் திட்டுவது. ஏணியை எடுத்துக் கொடுத்தார். "பாத்துத் தூக்கு, மேல ரெண்டு படி ஆடும்" என்றார். ஒரு வருஷத்துக்கப்புறம் அவனிடம் பேசியது அதுதான்.

"என்னண்ணே, கதவைக் காணோம்?" சிலிண்டர் போடுகிறவன், தோளில் சிலிண்டரோடு நிற்கிறான். "ஏன், கதவுகிட்டயா காசு வாங்கப்போற?" என்றார். "இல்லண்ணே, எங்க தட்டுறதுன்னு கேட்டேன்." "என் மண்டையில தட்டு." அவன் சிரித்துக்கொண்டே நாற்காலியைச் சுற்றி உள்ளே போய் வைத்துவிட்டு வந்து, "காத்து நல்லா வருதுண்ணே, அப்படியே விட்டுருங்க" என்று போனான். போய்த் தொலை. பஸ் இந்நேரம் போயிருக்கும். போயிருக்குமா. வழியில் டயர் கிழிந்தால், கூட்டத்தில் எவனாவது பையில் பிளேடு போட்டால், இன்றைக்குப் பார்த்து வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போகமாட்டோம் என்று வாசலில் நின்றால், பெரிய மனுஷன் எவனாவது செத்து லீவு விட்டுவிட்டால், பணம் கட்டுகிற ஜன்னலில் அந்த ஆள் டீ குடிக்கப் போய்த் திரும்பி வராமலே இருந்தால். போன் மடியில் கிடந்தது. நான் கூப்பிடுற வரைக்கும் கூப்பிடாதீங்க என்று சொல்லியிருக்கிறாள். எடுத்தார், வைத்தார், எடுத்துத் தன் வேட்டியிலேயே துடைத்து வைத்தார். நாளைக்கு இந்தக் கூடத்தில் எவனெவனோ செருப்போடு நின்று அண்ணாந்து பார்ப்பானே. அவர்களில் கொஞ்சம் பேரை அவருக்கே தெரிந்திருக்கும். உத்தரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், அவர் தட்டுகிற மாதிரியே, ஆள்காட்டி விரலை மடக்கி. சௌந்தரம் சமையல்கட்டில் ஒளிந்து நிற்பாளா, இல்லை, அவள் ஒளிகிற ஆளில்லை, நடுக்கூடத்தில் நின்று, காப்பி சாப்பிடுறீங்களா என்று அவன்களையே கேட்பாள். அது அதைவிட மோசம்.

அந்தக் கதவை விலை பேசிய நாளை நினைத்துக்கொண்டால் நெஞ்சுக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கிறது. பாதிக் கடனை உடனே கட்டினால் ஏலத்தை நிறுத்தி மீதிக்குத் தவணை தருகிறோம், கதவை விற்றுக் கட்டுவதென்றால் எங்களுக்கு ஆட்சேபணையில்லை என்று கம்பெனி தரப்பில் கோர்ட்டிலேயே சொல்லவைத்தாள் வக்கீலம்மா. வேறு எதுவும் உடனே விலைபோகாது. ஆனால் யார் வாங்குவது. கழுத்து மாட்டியிருக்கிறது என்று ஊருக்கே தமுக்கடித்துச் சொன்ன பிறகு வருகிறவன் கழுத்தளவுக்குத்தான் கேட்பான், அவரே அப்படித்தான் கேட்டிருப்பார். வந்தது காதர் மைதீன். கடைத்தெருவில் வயிரவனுக்கு எதிர்க்கடை, அவர் கைவைத்த சாமானிலெல்லாம் தானும் கைவைத்துப் பாதியைத் தட்டிக்கொண்டு போனவர், ஒரு ஊஞ்சல் பலகை விஷயத்தில் சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போனது. கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன சொல்றீங்க?" என்றார். வயிரவன் பழக்கதோஷத்தில் நியாய விலையைப்போல இரண்டு மடங்கு சொன்னார். "சரி" என்று காதர் மைதீன் இடுப்பு பெல்ட்டில் பணத்துக்குக் கைவைத்தார். அந்த ஒரு வார்த்தையில் வயிரவனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் தீப்பிடித்துக்கொண்டது. "என்னய்யா சரி? என்னா சரிங்கிறேன்?" "நீங்க சொன்ன விலையைத்தானே தர்றேன்." "சொன்ன விலைக்கு வாங்குறவனாய்யா நீ? ஒரு மரக்கரண்டியை நாலு மணி நேரம் பேசுற ஆளு! தருமம் பண்ண வந்தியா என் வாசலுக்கு? கேளுய்யா! குறைச்சுக் கேளு!" குரல் உடைந்துபோனது அவருக்கே கேட்டது. காதர் மைதீன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பெல்ட்டிலிருந்து கையை எடுத்தார், தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார், குனிந்து கீழ்ச்சட்டத்தை முகர்ந்து பார்த்தார். "என்னா கதவு இது? இடது கதவுல பூச்சி விழுந்திருக்கு. குமிழ்ல பாதி புதுசு, கறுப்பு அடிச்சு ஏமாத்தி வச்சிருக்கீங்க. இதை வெறகுக்கடைக்காரன்தான் வாங்குவான்." "பூச்சியா? உன் கண்ணுலதான் பூச்சி!" அதற்கப்புறம் நடந்ததைத் தெருவே கேட்டது, இந்தத் தடவை ஒரு ஜன்னலும் சாத்திக்கொள்ளவில்லை, சேசுராஜ் ஸ்பேனரோடு வெளியிலேயே வந்து நின்றான். காதர் மைதீன் வண்டி வரைக்கும் போனார், இவர் கூப்பிட்டார். இவர் கூடத்துக்குள் போனார், அவர் கூப்பிட்டார். உடம்பில் ரத்தம் ஓட ஆரம்பித்த மாதிரி இருந்தது, தமுக்கடித்த நாளிலிருந்து செத்துக் கிடந்தது எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. வெயில் படி தாண்டி வந்தபோது முடிந்தது விலை. கை கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்லயே குடுத்துட்டுப் போயிருந்தா டீ கெடச்சிருக்காதுல்ல" என்றார் காதர் மைதீன். சௌந்தரம் டீ கொண்டுவந்தாள். மூன்று பேரும் கதவுக்கு முன்னால் நின்றே குடித்தார்கள். ஆள் வைத்துக் கழற்றி ஏற்றிக்கொண்டு போன பிறகுதான், கால் நீட்டி உட்கார்ந்து யோசித்த பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு சண்டைக்கப்புறம் முடிந்த விலையும் நியாய விலைக்கு மேலேதான். அந்த விலைக்கு வாங்கிய கதவை எந்த ஓட்டல்காரனிடமும் லாபத்துக்கு விற்க முடியாது. அது காதர் மைதீனுக்குத் தெரியாதா, மரத்தை முகர்ந்தே வயசு சொல்கிற மனுஷனுக்கு. நஷ்டத்துக்கு வாங்குவதற்காக இவ்வளவு நேரம் தொண்டை வற்ற வற்றக் குறைத்துக் கேட்டிருக்கிறார். படுபாவி. நல்லா இருப்பான். அவன் பிள்ளைகுட்டிகளெல்லாம் நல்லா இருக்கும்.

போன் அடித்தது. எடுப்பதற்குள் கை நழுவி நாற்காலிக்கு அடியில் விழுந்தது, குனிந்து எடுத்துக் காதில் வைத்தால் தலைகீழாக வைத்திருக்கிறார், திருப்பினார். "கட்டியாச்சுங்க" என்றாள். பின்னால் ஒரே இரைச்சல், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "ஏலத்தை நிறுத்தியாச்சு. சீட்டுல சீல் போட்டுக் குடுத்துட்டாங்க. மிச்சம் மாசாமாசம் கட்டணும். கேக்குதா? வீடு நம்மளுதுதாங்க." "என்ன?" என்றார். திரும்பச் சொன்னாள். "சரியாக் கேக்கல" என்றார். மறுபடி சொன்னாள், குரலை உயர்த்திச் சொன்னாள், அப்படிச் சொல்லும்போது அவளுக்கும் அழுகை வந்துவிட்டதுபோல, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கம்பெனி மேனேஜர் இங்கதான் நிக்கிறாரு. மிச்சத்துல ஏதாச்சும் குறைக்கணும்னா உங்களைப் பேசச் சொல்றாரு. குடுக்கவா? திட்டக்கூடாது" என்றாள். போன் கைமாறியது. "சொல்லுங்க சார்" என்றது ஒரு இளவட்டக் குரல், கொஞ்சம் பயந்த குரல். ஒரு வருஷத்துப் பேச்சு முழுக்கத் தொண்டைக்கு வந்து வரிசையில் நின்றது, தமுக்கு, சுவரில் ஒட்டிய காகிதம், எல்லாம் நின்றது, எதை முதலில் விடுவதென்று அவர் வாயைத் திறந்தார். "சாப்பிட்டீங்களா தம்பி?" என்றார். "இல்ல சார். இன்னும் இல்ல." "நேரமாச்சேப்பா. மொதல்ல சாப்பிடுங்க." சௌந்தரம் போனை வாங்கிக்கொண்டாள். "என்ன சொன்னீங்க, அந்தப் புள்ள முழிக்குது?" "ஒண்ணும் சொல்லல." "குறைக்கக் கேக்கலையா?" "அடுத்த மாசம் நானே வந்து கேட்டுக்கறேன். நீ நேரத்தோட வீடு வந்து சேரு."

எழுந்தார். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது, உடனே சொல்லவேண்டும், உள்ளே சுவரைத் தவிர யாருமில்லை, வாசலில் இறங்கினார். தெருவில் வெயில் சுட்டது, செருப்பு போடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, சுடட்டும் என்று தாண்டிப் போனார். சேசுராஜ் தன் வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். சாக்கடைச் சண்டைக்குப் பிறகு வயிரவன் மிதிக்காத படி. ஏறி நின்றார். சேசுராஜ் அவர் முகத்தைப் பார்த்தான், கம்பியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான், கேட்காமலே தெரிந்துவிட்டது அவனுக்கு, கரியும் கிரீசுமான கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் லுங்கியில் துடைத்துக்கொண்டு நின்றவன் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அண்ணே, வீட்டைத் தொறந்து போட்டுட்டு வந்துட்டீங்க" என்றான்.

"இருக்கட்டும்டா" என்றார் வயிரவன், திரும்பிப் பார்க்காமலே அவன் படியில் உட்கார்ந்துகொண்டு. "குடிக்கத் தண்ணி குடு."